கர்ப்பகாலச் சர்க்கரை: ஏழாம் மாதம் முதல் பிரசவ அறை வரை ஒரு நோட்டு

ஆறு, ஏழாம் மாதங்களில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அதில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று அட்டையில் எழுதிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத இந்த முறையை இந்தியாவில் நிலைநாட்டியவர்களில் முன்னோடி சென்னை மருத்துவர் வி. சேஷய்யா, அவர் பிறந்த மார்ச் 10ஆம் நாளையே கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக இங்கே கடைப்பிடிக்கிறார்கள்.

அட்டையைப் பார்த்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "மாம்பழம் தின்னியாம்மா?" என்பதுதான். மாம்பழத்தின் மேல் பழியில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன; கணையத்தால் ஈடுகொடுக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வளர வளர அந்தத் தடையும் வளர்வதால், 28ஆம் வாரத்தில் போதுமாயிருந்த உணவுக் கட்டுப்பாடு 33ஆம் வாரத்தில் போதாமற்போகலாம். எனவே கடைசி மூன்று மாதங்களை ஞாபகத்தை நம்பிக் கடத்த இயலாது. ஒரு நூறு பக்க நோட்டு வேண்டும். கீழே வரும் படிகளெல்லாம் அந்த நோட்டை எப்படி நிரப்புவது என்பதைப் பற்றியவையே. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் படி: அளந்து எழுதுதல்

பக்கத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிக் கொள்ளுங்கள். காலை வெறும் வயிற்றில் ஒரு முறையும், மூன்று வேளை உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் அளப்பது வழக்கம். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் சொல்வார். வெறும் வயிற்றில் 95க்குக் கீழும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழும் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அளக்கச் சொன்னால் 140க்குக் கீழ். நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிடுங்கள், கை கழுவிய நேரத்திலிருந்தன்று. குளுக்கோமீட்டரில் அளப்பதற்கு முன் சோப்பால் கை கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும்; பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதிகமாக வந்த எண்ணை எழுதக் கூச்சப்படாதீர்கள். மருத்துவருக்குப் பயன்படுவது அந்த எண்தான்.

இரண்டாம் படி: தட்டு

மூன்று பெரிய வேளைகளை மூன்று மிதமான வேளைகளாகவும் இரண்டு மூன்று சிறு தீனிகளாகவும் பிரிப்பதுதான் அடிப்படை. பெரும்பாலும் காலை உணவே மிகவும் சிக்கலானது. அந்நேரத்தில் இன்சுலின் தடை கூடுதலாக இருப்பதால், இரவில் ஒன்றும் செய்யாத அதே இட்லி காலையில் எண்ணை ஏற்றிவிடும். நான்கு இட்லியும் தண்ணீர்ச் சட்னியுமாகச் சாப்பிடுவதை விட்டு, இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாகக் கிடக்கும் சாம்பார், ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றிப் பாருங்கள். இரண்டே நாளில் நோட்டு பதில் சொல்லும். மதியம் பாதித் தட்டு பொரியலும் கீரையும், கால் தட்டு சோறு, மீதிக் கால் தட்டு பருப்பு, மீன், கோழி அல்லது முட்டை.

கேழ்வரகுக் கூழைப் பலரும் மருந்துபோல நம்புகிறார்கள். மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சியதும் அது சீக்கிரமே சர்க்கரையாகிவிடும். அளந்துதான் குடிக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. அதற்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது. இரவு படுக்குமுன் சர்க்கரையில்லாத ஒரு தம்ளர் பாலாவது குடியுங்கள். மருத்துவர் நடக்க வேண்டாம் என்று சொல்லாதவரை, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிட மெதுநடை மிகவும் உதவும்.

வளைகாப்பை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு வகைச் சோறும் இனிப்புமாக ஒவ்வொருவரும் ஊட்டிவிடும் அந்த நாளில் எண் ஏறத்தான் செய்யும். ஒவ்வொரு கையிலும் ஒரு சிறு வாய் மட்டும் வாங்கிக்கொண்டு, அன்றைய மதியச் சோற்றை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய இடறல், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவது. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று அம்மா பரிமாறத் தொடங்கும் முன், நோட்டை அவரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: மருந்து

இரண்டு வாரம் உணவும் நடையும் சரியாக இருந்தும் எண்கள் இறங்காவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தருவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. ஊசியை வயிற்றிலோ தொடையிலோ இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். மருந்தைக் குளிர்பெட்டியின் கதவில் வையுங்கள், பனிக்கட்டி அறையில் வைக்காதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, திடீரென்று பசித்தால் உடனே அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும்.

நான்காம் படி: அசைவும் ஸ்கேனும் தேதியும்

நாள்தோறும் ஒரே நேரத்தில் இடப்பக்கமாகப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால், இரவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் கசிவு, ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

தாயின் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை குழந்தைக்குப் போகும்போது, குழந்தையின் கணையம் தானே கூடுதல் இன்சுலினைச் சுரந்து அதைக் கொழுப்பாகச் சேமிக்கிறது. தோள் பருத்த குழந்தை பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ளலாம் என்பதால்தான் கடைசி மாதங்களில் எடையும் பனிக்குட நீரும் ஸ்கேனில் பார்க்கப்படுகின்றன. ஆனால் சர்க்கரை என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவைப்படுவதில்லை. எடை நான்கு கிலோவைத் தாண்டும் என்று தோன்றினால் மருத்துவர் அதைப் பற்றிப் பேசுவார். ஸ்கேன் காட்டும் எடை முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதையும் அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்து தானாக வலி வராவிட்டால், பெரும்பாலும் 39ஆம் வாரத்திலோ அதற்குப் பிறகோ வலி வரவழைப்பார்கள்.

ஐந்தாம் படி: பை

36ஆம் வாரத்தில் பை தயாராக இருக்க வேண்டும். தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவுசெய்தபோது தந்த எண்), ஸ்கேன் அறிக்கைகள், நோட்டு, குளுக்கோமீட்டர், இன்சுலின், குளுக்கோஸ் பொட்டலம், பருத்தித் துணிகள். தாய்வீடு வேறு ஊரென்றால், அங்குள்ள மருத்துவமனையில் முன்கூட்டியே ஒரு முறை காட்டிவிடுங்கள். வலி வந்த இரவில் 108ஐ அழைத்துப் போய்ப் புதிதாகக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வலி வரவழைக்கும் நாளன்று காலை இன்சுலின் போடலாமா என்பதை முந்தைய நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: பிறந்த பிறகு

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடையும் விலகுவதால் பெரும்பாலோருக்கு இன்சுலின் அன்றோடு நின்றுவிடும். கவனம் இனிக் குழந்தையின் மேல். தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றபோதும் அதன் கணையம் பழைய வேகத்தில் சுரப்பதால், முதல் சில மணி நேரங்களில் குழந்தையின் சர்க்கரை இறங்கலாம். குதிகாலில் குத்தி அளப்பது அதற்காகத்தான், பயப்படாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்து, தொடர்ந்து அடிக்கடி பாலூட்டுங்கள். சேனை தொட்டு வைப்பதும் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம் என்பதைப் பாட்டிமாரிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிரசவ அறை வாசலில் நின்று சொன்னால் மனத்தாங்கலில் முடியும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியை எழுதுங்கள். ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளன்று நீங்களும் வெறும் வயிற்றோடு போய் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126ஐயோ இரண்டு மணி நேரத்தில் 200ஐயோ தொட்டால் சர்க்கரை நோய் தங்கிவிட்டதாகப் பொருள். எல்லாம் சரியாக இருந்தாலும், அடுத்த ஆண்டு அதே மாதத்தை அந்தத் தேதிக்குக் கீழே குறித்துவையுங்கள்.