யுகுலேலேக்குப் புது கியர் ட்யூனர்: வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

யுகுலேலே என்ற நான்கு தந்தி வாத்தியத்தில், தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுதான் ட்யூனர். அதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி "14:1 நல்லதா, 18:1 நல்லதா?" என்பதுதான். தந்தி சுற்றும் தண்டு ஒரு முறை சுழல, பட்டனை (விரலால் திருப்பும் பிடியை) எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கியர் விகிதம் அது. அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. துளையின் விட்டம், ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனர்கள் மாட்டியிருக்கும் தலைப்பகுதியின்) தடிமன், ட்யூனரின் எடை ஆகிய மூன்றும் சரியாக வந்தால் எந்த விகிதமும் ஒத்துவரும். இவற்றில் ஒன்று தப்பினாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ட்யூனரும் பெட்டியிலேயே கிடக்கும்.

சோப்ரானோ, கான்சர்ட், டெனர் என்று சிறியதிலிருந்து பெரியதாகப் போகும் மூன்று அளவு யுகுலேலேக்கும் இந்த முறை பொருந்தும். தந்தியைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ட்யூனர்தான் குற்றவாளியா?

நைலான், ஃப்ளோரோகார்பன் தந்திகள் புதிதாகப் போட்டதும் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அந்த நாட்களில் சுருதி இறங்குவதற்கும் ட்யூனருக்கும் சம்பந்தமில்லை. பிரிட்ஜில் (உடம்பின் மேல் தந்தியின் அடிநுனியைப் பிடிக்கும் கட்டையில்) போட்ட முடிச்சு நழுவுகிறதா என்று பாருங்கள். சுருதி ஏற்றும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வந்து ஸ்வரம் தாவினால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். (நட் என்பது, விரல் வைத்து வாசிக்கும் ஃபிரெட்போர்டின் தலைமாட்டில் தந்தி உட்காரும் சிறு பட்டை.) மென்மையான பென்சிலால் பள்ளத்தில் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இப்போது இருப்பது கியர் இல்லாத பெக்காக இருந்தால், பட்டனின் நுனியில் ஒரு சிறு ஸ்க்ரூ இருக்கும். வீணையின் பிரடை போல இதுவும் உராய்வால் மட்டுமே நிற்கிறது. அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினால் பிடிப்பு கூடும். இறுக்கியும் நழுவினால், அல்லது இறுக்கிய பிறகு திருப்பவே முடியவில்லை என்றால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அளவெடுத்தல்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு வெர்னியர் காலிப்பர் கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்த மலிவான டிஜிட்டல் காலிப்பரே போதும். பள்ளிக்கூட ஸ்கேலால் துளையின் விட்டத்தை அளக்க முடியாது. 6 மி.மீ.க்கும் 6.35 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் ஸ்கேலில் தெரியாது, ட்யூனரைச் செருகும்போது தெரியும்.

ஒரு ட்யூனரைக் கழற்றுங்கள். முன்பக்கம் துளையின் வாயில் ஒரு உலோக வளையம் இருக்கும். அதுதான் புஷ்ஷிங். வளையத்தின் உள்விட்டத்தை அளந்துவிட்டு அதுவே துளையின் விட்டம் என்று ஆர்டர் போடுவதுதான் வழக்கமான தவறு. வளையத்தை வெளியே எடுத்த பிறகு மரத்தில் இருக்கும் துளையைத்தான் அளக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து மரக்குச்சி ஒன்றை வைத்து மெதுவாகத் தள்ளினால் வளையம் வந்துவிடும். அடம்பிடித்தால் சால்டரிங் அயர்ன் முனையை வளையத்தின் உட்பக்கம் சில நொடிகள் வைத்துச் சூடாக்கிவிட்டுத் தள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து திருப்புளியால் நெம்பாதீர்கள், பாலிஷ் பெயர்ந்து வரும்.

துளையை முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல வாத்தியங்களில் துளை இரண்டு படியாக இருக்கும்: முன்னால் புஷ்ஷிங்குக்காக அகலமாக, பின்னால் தண்டு நுழையும் அளவுக்கு மட்டும் குறுகலாக. முன்பக்கம் 8 மி.மீ. என்று பார்த்து 8 மி.மீ. உடம்புள்ள ட்யூனர் வாங்கினால் அது பாதியில் நின்றுவிடும்.

விவரப் பக்கங்களில் அங்குலம் வந்தால் குழம்ப வேண்டாம். கால் அங்குலம் 6.35 மி.மீ., 5/16 அங்குலம் 7.94 மி.மீ., 11/32 அங்குலம் 8.73 மி.மீ., 3/8 அங்குலம் 9.53 மி.மீ.

அடுத்தது ஹெட்ஸ்டாக்கின் தடிமன். முன்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய அலங்காரப் பலகையையும் சேர்த்து அளக்க வேண்டும். கிட்டாருக்கான ட்யூனர்கள் இன்னும் தடித்த ஹெட்ஸ்டாக்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மெல்லிய யுகுலேலேயில் அவற்றை மாட்டினால் தண்டு முன்பக்கம் உயரமாக நீட்டிக்கொண்டு நிற்கும். தந்தி அந்த உயரத்திலிருந்து வருவதால் நட்டின் மேல் போதுமான சாய்வோடு அழுந்தாது, விரல் வைக்காத திறந்த தந்தியில் இரைச்சல் வரும். முன்பக்கத்திலிருந்து மரைபோட்டு இறுக்கும் புஷ்ஷிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: மரம் இறுகுவதற்கு முன்பே மரை முடிந்துவிடும், ட்யூனர் ஆடும். சரியான விட்டத்தில் ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டால் இதைச் சமாளிக்கலாம்.

பக்கவாட்டில் பட்டன் வரும் வகை வாங்குவதானால், துளையின் மையத்திலிருந்து ஹெட்ஸ்டாக்கின் ஓரம் வரைக்கும், ஒரே பக்கத்து இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையேயும் அளக்க வேண்டும். ஓரம் தூரமாக இருந்தால் பட்டன் மரத்தில் உரசும். துளைகள் நெருக்கமாக இருந்தால் இரண்டு பட்டன்களும் ஒன்றோடொன்று முட்டும். விற்பவர் தரும் வரைபடத்தை அசல் அளவில் காகிதத்தில் வரைந்து வெட்டி, ஹெட்ஸ்டாக்கின் பின்னால் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எடை

சோப்ரானோவை வாசிப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. முழு வாத்தியமே அரைக் கிலோவுக்கும் கீழ்தான் இருக்கும். 400 கிராம் வாத்தியத்தின் தலையில் 60 கிராம் கூட்டினால், சமநிலைப் புள்ளி மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் தலைப்பக்கம் நகர்ந்துவிடும். பிறகு ஃபிரெட்டில் விரல் வைக்க வேண்டிய இடது கை, கழுத்தைத் தாங்கும் வேலையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். பழைய ட்யூனர் நான்கையும் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். புதியதன் எடை விற்பனைப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஈடாக ஹெட்ஸ்டாக்கின் பின்னால் நாணயங்களை ஒட்டுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம், எட்டு நாணயம் என்றால் ஏறக்குறைய 62 கிராம். பாலிஷைக் கெடுக்காத காகித டேப்பால் ஒட்டி இரண்டு நாள் வாசித்துப் பாருங்கள். கை ஒத்துக்கொண்டால் தாராளமாக வாங்கலாம்.

எந்த வகை?

சோப்ரானோவுக்கு என் பரிந்துரை, பட்டன் பின்பக்கமே இருக்கும் பிளானட்டரி வகை. தண்டுக்குள்ளேயே சிறு பற்சக்கரங்கள் சுழலும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பெக் போலவே தெரியும், வாத்தியத்தின் முகம் மாறாது. கோட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் யு.பி.டி. மாடல் இந்த வகைதான், விகிதம் 4:1. விலை அதிகம். ஆனால் இருக்கிற பெக் துளையைச் சற்று அகலப்படுத்தினாலே போதும், பின்னால் ஸ்க்ரூ துளை எதுவும் போட வேண்டியதில்லை.

கான்சர்ட்டுக்கும் டெனருக்கும் பக்கவாட்டு கியர் தாராளமாகப் போதும். மூடிய பெட்டி வகையைவிட, பற்சக்கரம் வெளியே தெரியும் திறந்த வகையையே நான் விரும்புவேன். எடை குறைவு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மறுபடி ஓடும், பல்லில் தூசி சேர்ந்தால் கண்ணுக்கே தெரியும்.

இப்போது விகிதத்துக்கு வருவோம். தண்டு 6 மி.மீ. விட்டம் என்றால் ஒரு முழுச் சுற்றில் 18.8 மி.மீ. தந்தியை இழுக்கும். கியர் இல்லாத பெக்கில் பட்டனை ஒரு சுற்று சுற்றினால் அவ்வளவும் வந்துவிடும், அதனால்தான் நுட்பமாகச் சுருதி சேர்க்க முடிவதில்லை. 4:1-ல் ஒரு சுற்றுக்கு 4.7 மி.மீ., 14:1-ல் 1.35 மி.மீ., 18:1-ல் 1.05 மி.மீ. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை உணர்வது கடினம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஆர்டர் போடும்போது இடது இரண்டு, வலது இரண்டு என்று கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டு ட்யூனரில் இது முக்கியம். பட்டனோடு சேர்ந்த புழுத் திருகு (பற்சக்கரத்தைத் திருப்பும் மரை வெட்டிய சிறு தண்டு), பற்சக்கரத்துக்கு நட் இருக்கும் பக்கம் அமைய வேண்டும். தந்தி தண்டை நட்டை நோக்கி இழுக்கும்போது பற்சக்கரம் திருகின் மேல் அழுந்தி இறுகும். பக்கம் மாற்றி மாட்டினால் அதே இழுப்பு இரண்டையும் பிரிக்கப் பார்க்கும், பல்லும் சீக்கிரம் தேயும், திருப்பும் திசையும் தலைகீழாகும்.

துளையைச் சரிசெய்தல்

துளை சிறியதாக இருந்தால், சாதாரண ட்ரில் பிட்டை அப்படியே உள்ளே விடாதீர்கள். ஏற்கெனவே துளை இருப்பதால் பிட்டின் நடுமுனைக்குப் பிடிமானம் கிடைக்காது. ஓரங்கள் மரத்தைக் கவ்வி இழுத்து ஹெட்ஸ்டாக்கையே பிளக்கும். துளையைச் சுரண்டி அகலமாக்கும், கையால் சுற்றும் கூம்பு ரீமர்தான் சரியான கருவி. முன்னாலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று மாறிமாறிச் சுற்றி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ட்யூனரைச் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆடக்கூடாது.

துளை பெரியதாக இருந்தால் அளவு மாற்றும் புஷ்ஷிங் கிடைக்கிறது. வெளிவிட்டம் உங்கள் துளைக்கும், உள்விட்டம் புதிய தண்டுக்கும் பொருந்த வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகையைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து சி-கிளாம்பால் மெதுவாக இறுக்கி உள்ளே அனுப்புங்கள்.

ஸ்க்ரூ

ட்யூனரோடு வரும் ஸ்க்ரூக்கள் மிக மெல்லியவை. முன்துளை இல்லாமல் கடின மரத்தில் முறுக்கினால் தலை முறிந்து, உடம்பு உள்ளேயே தங்கிவிடும். அதை எடுப்பதற்கு மரத்தைச் சுற்றிக் குடைய வேண்டியிருக்கும்.

2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. முன்துளை போடுங்கள். ஸ்க்ரூவின் நீளத்தை ஹெட்ஸ்டாக்கின் தடிமனோடு ஒப்பிட்ட பிறகு, பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முன்பக்கம் துளை எட்டிப்பார்க்கும். ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சோப்பு வேண்டாம், ஈரம் இழுத்துத் துருவை வரவழைக்கும். பாதி முறுக்கியதும் கனமாகத் தெரிந்தால் திருப்பி எடுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். முன்பக்க மரைநட்டை இறுக்கி, தண்டு நேராக நின்ற பிறகே ஸ்க்ரூவுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் ட்யூனர் சாய்ந்தே நிலைத்துவிடும்.

பழைய ஸ்க்ரூ துளை புதியதற்கு மிக அருகில் வந்தால், மூங்கில் பல்குத்தியில் மரப்பசை தடவிச் செருகி, ஒரு நாள் காயவிட்டுச் சமமாக வெட்டிவிடுங்கள். அதன் பிறகு புதுத் துளை போடலாம்.

தந்தியைத் தண்டில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக இறங்கும்படி சுற்றுங்கள். அப்போது தந்தி தண்டின் அடியிலிருந்து புறப்பட்டு நட்டில் நன்றாக அழுந்தும்.

பின்னர் சேர்த்தவை

நடுவில் நீளப் பள்ளம் வெட்டிய ஹெட்ஸ்டாக்குக்கு மேலே சொன்ன எந்த ட்யூனரும் பொருந்தாது. அதற்குத் தண்டு குறுக்காகப் படுத்திருக்கும் வகை வேண்டும். ஒரே தகட்டில் இரண்டு ட்யூனர் சேர்ந்து வந்தால், தண்டுகளின் மைய இடைவெளி உங்கள் துளைகளோடு மிகச் சரியாக ஒத்துப்போக வேண்டும். அரை மி.மீ. தவறினாலும் திருப்பும்போது இறுகும். தனித்தனியாக வரும் ட்யூனர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கிட்டார் செட்டில் பெரும்பாலும் மூன்று இடது, மூன்று வலது இருக்கும். அதிலிருந்து நான்கை எடுத்துப் போடலாமா என்றால், டெனருக்கும் அதைவிடப் பெரிய பாரிடோனுக்கும் போடலாம், தடிமனும் எடையும் ஒத்துவந்தால். சோப்ரானோவுக்கு வேண்டாம்.

மாட்டிய முதல் வாரத்தில் பிளானட்டரி ட்யூனரின் முன்பக்க மரைநட்டு லேசாகத் தளர்வது உண்டு, மரம் அழுந்துவதால். ஏழாம் நாள் ஸ்பேனரை எடுத்து, ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் மட்டும் எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்குங்கள்.