வார்டில் நோயாளியின் தகவலைக் காப்பது எப்படி: டூட்டியில் இருக்கும் நர்ஸ்களுக்கு

நோயாளியின் தகவல் திருடு போகிறது என்றால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் செய்யும் வேலை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். அதுவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, வார்டில் இருந்து விஷயம் வெளியே போவது பெரும்பாலும் நம் கை வழியாகவும் வாய் வழியாகவும்தான். திறந்தபடி விட்டுப்போன கம்ப்யூட்டர், வாட்ஸ்அப்பில் போட்ட எக்ஸ்ரே, பார்வையாளர் நேரத்தில் சத்தமாகச் சொன்ன ஒரு வார்த்தை. அதனால் ஐ.டி. பிரிவு என்ன செய்ய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தன் ஷிஃப்ட்டுக்குள் தானே செய்யக்கூடியதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனை, தனியார், பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் லாகின்

பல வார்டுகளில் காலையில் இன்சார்ஜ் சிஸ்டரின் லாகின் ஐ.டி.யில் திறந்தால் மறுநாள் காலை வரை எல்லோரும் அதிலேயே என்ட்ரி போடுகிறார்கள், பாஸ்வேர்டை பிளாஸ்டரில் எழுதி மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டியும் வைத்திருப்பார்கள். ஆள் குறைவு, கம்ப்யூட்டர் ஒன்று, வார்டு நிறைய நோயாளிகள், காரணம் புரிகிறது. ஆனால் எந்த ஐ.டி., எத்தனை மணி, எதைத் திறந்தது, எதை மாற்றியது என்று சாஃப்ட்வேர் பின்னால் பதிந்துகொண்டே இருக்கும். இரவு 2 மணிக்கு உங்கள் ஐ.டி.யில் வேறொருவர் இன்சுலின் அளவைத் தப்பாகப் போட்டால், விசாரணையில் முதலில் உட்கார வேண்டியவர் நீங்கள்தான். போட்டது நானில்லை என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

எனவே ஆளுக்கொரு ஐ.டி. கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துபோவார்கள், நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு எழுதிக் கொடுத்து, கொடுத்த தேதியோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைவிட்டு எழும்போது விண்டோஸ் பட்டனையும் எல் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும், ஒரு நொடி வேலை. பாஸ்வேர்டுக்கு மொபைல் நம்பர், குழந்தை பெயர், மருத்துவமனை பெயரோடு 123, இதெல்லாம் வேண்டாம். சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நினைவிலும் நிற்கும், யூகிக்கவும் கடினம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, மருந்து கொடுக்கும் முன்பே கொடுத்ததாக டிக் போடுவது. 6 மணி ஆன்டிபயாடிக்கை 5 மணிக்கே மொத்தமாக என்ட்ரி முடித்துவிட்டு அப்புறம் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும் பழக்கம் இருக்கிறது. இடையில் ஒரு நோயாளியைத் ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப்போய்விட்டால், கொடுக்காத மருந்து கொடுத்ததாகவே நிற்கும், அதை நம்பித்தான் அடுத்த டாக்டர் முடிவெடுப்பார். தகவலைப் பாதுகாப்பது என்றால் அதை உண்மையாக வைத்திருப்பதும் சேர்த்துத்தான். நேற்றைய நோட்ஸை அப்படியே காப்பி பேஸ்ட் செய்வதும் இதே வகைதான். கதீட்டரை எடுத்து இரண்டு நாள் ஆன பிறகும் நோட்ஸில் கதீட்டர் இருந்துகொண்டே இருக்கும்.

வாட்ஸ்அப்

வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் நடப்பு அப்படி இல்லை. இரவு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார், கார்டியாலஜிஸ்ட் வீட்டில் இருக்கிறார். “சிஸ்டர், ஈ.சி.ஜி.யை வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்கிறார். அனுப்பாமல் இருப்பதுதான் அங்கே தவறு. மருத்துவமனையே இதற்கென்று ஆப்பும் வார்டு போனும் கொடுத்திருந்தால் அதில் மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் அனுப்பும் முறையைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈ.சி.ஜி. தாளின் மேல் ஓரத்தில் பெயர், வயது, ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் எழுதியிருக்கும். அந்த ஓரத்தை மடித்து, ரேகை மட்டும் தெரியும்படி படம் எடுங்கள். குரூப்பில் போடாமல் டாக்டரின் தனி நம்பருக்கு அனுப்புங்கள். அப்புறம் போனில் கூப்பிட்டு, “சார், இப்ப வந்த ஈ.சி.ஜி. 14வது பெட்டோடது, ஐ.பி. நம்பர் இது” என்று வாயால் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரை மறைக்கிறேன் என்று ஆளையே மாற்றிவிடக் கூடாது, அதனால் இந்தப் போன் கட்டாயம். டாக்டர் சொன்ன ஆர்டரைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி, காலையில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் சாட் கேஸ் ஷீட் ஆகாது.

படத்தை அழிப்பதில்தான் பலரும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சாட்டில் அழித்தால் கேலரியில் இருக்கும், கேலரியில் அழித்தால் குப்பைத்தொட்டி ஃபோல்டரில் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பையில் 60 நாள் வரை கிடக்கும், அங்கே போயும் அழிக்க வேண்டும். அதைவிட நல்லது, கூகுள் ஃபோட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கும் கேமராவுக்கும் தானியங்கி பேக்கப்பையே நிறுத்திவைப்பது. வாட்ஸ்அப் செட்டிங்கில் படங்கள் கேலரியில் தெரிவதையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் உங்கள் போனை வாங்கி விளையாடுவார்கள், அவர்கள் கண்ணில் ஒருவருடைய கால் புண் படம் படக் கூடாது.

வார்டு குரூப்பில் பழைய ஆட்கள் அப்படியே இருப்பார்கள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர், வேலையை விட்டவர், பயிற்சி முடித்துப் போன மாணவி என்று எல்லோருக்கும் தகவல் போய்க்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை அட்மினாக இருப்பவர் பட்டியலைப் பார்த்துக் கழிக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுக்க வெளியே பிரவுசிங் சென்டருக்குப் போய் வாட்ஸ்அப் வெப் திறப்பது இன்னும் மோசம், ஃபைல் அந்தக் கடையின் டவுன்லோட் ஃபோல்டரிலேயே தங்கிவிடும்.

ரீல்ஸ் பற்றி ஒரே வரி: வார்டுக்குள் எடுக்காதீர்கள். பின்னணியில் ஒரு பெட், ஒரு முகம், ஒரு பெயர் எழுதிய போர்டு எப்படியும் விழுந்துவிடும்.

போனில் கேட்பவர் யார்?

2012 டிசம்பரில், கர்ப்பகால வாந்தியால் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் மனைவி லண்டனில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். ஆஸ்திரேலிய ரேடியோ அறிவிப்பாளர்கள் இருவர் ராணி போலவும் சார்லஸ் போலவும் பேசி அதிகாலையில் அங்கே போன் செய்தார்கள். எடுத்த நர்ஸ் அழைப்பை வார்டுக்கு இணைத்தார், வார்டில் இருந்தவர் நோயாளியின் நிலையைச் சொன்னார், அது ரேடியோவில் ஒலிபரப்பானது. அழைப்பை இணைத்தவர், இந்தியாவில் பிறந்த நர்ஸ், சில நாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதிகாலை நேரத்தில் ஒரு குரலை நம்பினார், அவ்வளவுதான். அந்தச் சுமை தனி ஒரு நர்ஸின் தலையில் விழாமல் இருக்கத்தான் முறை என்று ஒன்று வேண்டும்.

முறை இதுதான். அட்மிஷன் போடும்போதே, உங்களைப் பற்றி யாரிடம் சொல்லலாம் என்று நோயாளியிடம் கேட்டு, அந்தப் பெயரையும் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். யார் போன் செய்தாலும், மாமா, சித்தப்பா, கவுன்சிலர், ஆபீஸ் மேனேஜர், இன்ஷூரன்ஸ்காரர், யாராக இருந்தாலும், எழுதியிருக்கும் நம்பருக்கு நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். போலீஸ் என்று சொன்னால், எம்.எல்.சி. (போலீஸ் சம்பந்தப்பட்ட) கேஸாகவே இருந்தாலும், எழுத்தில் வந்து டியூட்டி டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் எதுவும் வேண்டாம்.

சிவப்பு மையில் எழுதும் வழக்கம்

எச்.ஐ.வி. உள்ளவரின் கேஸ் ஷீட் மேலட்டையில் சிவப்பு மையில் ஆர்.வி.டி. (எச்.ஐ.வி.யைக் குறிக்கும் சுருக்கம்) என்று எழுதுவது, பெட்டுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது, ஹேண்ட்ஓவரில் பக்கத்து பெட்டுக்குக் கேட்கும்படி “ரியாக்டிவ் கேஸ்” என்று சொல்வது, இதெல்லாம் உடனே நிற்க வேண்டும். எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி கிளவுஸ், ஒரே மாதிரி ஊசி அகற்றும் முறை என்பதுதான் நாம் படித்த பாடம். அதைச் செய்தால் அட்டையில் எழுத அவசியமே இல்லை. அட்டையை எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிக்கொண்டு போவது நோயாளியின் மைத்துனராகக்கூட இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அந்த நபரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையைச் சொல்லக் கூடாது. அவரது சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு, சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் சொல்லலாம். கணவனுக்கோ மனைவிக்கோ சொல்லும் பொறுப்பு, அதுவும் சில நிபந்தனைகளோடு, டாக்டருக்கும் ஆலோசகருக்கும் (கவுன்சலர்) மட்டும்தான். நர்ஸ் சொல்லக் கூடாது. விஷயம் தெரியாத மனைவியைப் பார்த்து நமக்கு எவ்வளவு பரிதாபம் வந்தாலும், போய்ச் சொல்ல வேண்டியது டாக்டரிடம்.

கருக்கலைப்பு விஷயத்திலும் இதே கவனம். அந்த அட்மிஷன் ரிஜிஸ்டர் ரகசிய ஆவணம், மேஜை மேல் திறந்து கிடக்கக் கூடாது. பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயர், அடையாளத்தை டாக்டர் தர வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணின் விஷயம் ஊருக்குத் தெரிந்தால் நம்மூரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சில வீடுகளில் அது உயிர் போகிற விஷயம். மனநல வார்டில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி மீடியாவுக்குத் தரக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது.

தெரிந்தவர் அட்மிட் ஆனால்

பக்கத்து வீட்டுக்காரர், உறவுக்காரர், நடிகர், அரசியல்வாதி யார் அட்மிட் ஆனாலும், அவர் உங்கள் நோயாளி இல்லையென்றால் அவர் ரெக்கார்டைத் திறக்காதீர்கள். அக்கறையில்தான் பார்த்தேன் என்பது பதில் ஆகாது. இதில் அதிகம் அடிபடுவது யார் தெரியுமா, நம்மோடு வேலை பார்க்கும் நர்ஸ்தான். தன் மருத்துவமனையிலேயே அட்மிட் ஆகிறார், மாலைக்குள் அவருடைய பயாப்ஸி ரிசல்ட் கேன்டீன் வரை தெரிந்திருக்கிறது. குணமாகித் திரும்பி வந்து அதே முகங்களோடு அவர் வேலை செய்ய வேண்டும். தைரியமாக ஒரு இன்சார்ஜ் சொன்னால் போதும், “அந்த ஃபைல் அந்த வார்டோட நிக்கட்டும்” என்று.

அபா நம்பர், கிராம வேலை

அபா என்பது ஒருவரின் மருத்துவ ரெக்கார்டுகளை இணைக்கும் 14 இலக்க நம்பர், விருப்பப்பட்டால்தான் எடுக்க வேண்டும். டார்கெட்டை முடிக்க நம் மொபைல் நம்பரைக் கொடுத்து நாமே உருவாக்கிவிடக் கூடாது. ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறதோ அவர் கையில்தான் அந்த ரெக்கார்டின் சாவி இருக்கிறது. நோயாளியின் போன், நோயாளியின் சம்மதம், ஓ.டி.பி.யை அவரே அடிப்பது, இப்படித்தான் செய்ய வேண்டும். கிராம சுகாதார செவிலியர்கள் அங்கன்வாடியில் வைத்து டேப்லெட்டில் கர்ப்பிணிகளின் விவரம் போடும்போது, சுவரைப் பின்னால் வைத்து உட்காருங்கள், தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க இடம் இருக்காது. முந்தைய பிரசவம், கருச்சிதைவு, எச்.ஐ.வி. பரிசோதனை பற்றி நாலு பேர் நடுவில் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் நின்றுபோனால்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் சைபர் தாக்குதலால் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓ.பி., லேப், பில்லிங் எல்லாம் பல நாட்கள் கைப்பட எழுதித்தான் ஓடின. இந்த மாதிரித் தாக்குதல்கள் ஒரு மெயில் இணைப்பையோ ஒரு பென் டிரைவையோ வைத்தும் உள்ளே வரலாம். வார்டு கம்ப்யூட்டரில் போன் சார்ஜ் போடாதீர்கள், பாட்டு உள்ள பென் டிரைவைச் செருகாதீர்கள், சம்பள உயர்வு பட்டியல் என்று வரும் இணைப்பைத் திறக்காதீர்கள்.

அதோடு ஒரு பாக்ஸ் ஃபைல் தயாராக இருக்கட்டும். காலி டி.பி.ஆர். (உடல் வெப்பம், நாடி, மூச்சு குறிக்கும்) சார்ட், டிரக் சார்ட், இன்டேக் அவுட்புட் சார்ட், லேப் ரிக்வெஸ்ட் தாள்கள் அதில் வேண்டும். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை நோயாளிகள், மருந்து, அலர்ஜி பட்டியலைப் பிரின்ட் எடுத்து வையுங்கள், பழையதைக் கிழித்துப் போடுங்கள். அப்படியே எடைக்குப் போட்டால் அது கடலை மடிக்கும் காகிதமாகத் தெருவுக்குப் போகும். சிஸ்டம் திரும்பி வந்ததும் ஏற்றும்போது மருந்து கொடுத்த உண்மையான நேரத்தைப் போட்டு, பின்னர் பதிந்தது என்று குறிப்பிடுங்கள்.

தகவல் வெளியே போய்விட்டால்

தப்பான குரூப்பில் படம் போய்விட்டது, போன் தொலைந்துவிட்டது, தெரியாமல் ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டோம். உடனே சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனை மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள உத்தரவு. 2023 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. இன்சார்ஜாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சொல்ல வந்த பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள், அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

குரூப்பில் போனது என்றால் அனைவருக்கும் அழிக்கும் வசதியில் அழியுங்கள், அதற்கு முன் எந்த குரூப், எத்தனை மணி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். லிங்க்கைத் தட்டியது என்றால் கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அணைக்காமல் அப்படியே வைத்து ஐ.டி. ஆளைக் கூப்பிடுங்கள். போன் தொலைந்தது என்றால் வேறு போனில் கூகுளின் ஃபைன்ட் வசதியைத் திறந்து பூட்டுங்கள், சிம்மை முடக்குங்கள், மருத்துவமனை ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். பிறகு இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுங்கள், அதில் நோயாளியிடம் இதை யார், எப்போது சொல்லப்போகிறார் என்ற வரியும் இருக்க வேண்டும்.