கவுன்சிலுக்கு ஏஜென்சி ஆள் எடுப்பது: ஆர்டர் முதல் கடைசி நாள் வரை

இங்கிலாந்துக் கவுன்சில்களில் (உள்ளாட்சி மன்றங்களில்) ஏஜென்சி வழியாகத் தற்காலிக ஆள் கேட்டு வரும் படிவத்தில் எல்லோர் கண்ணும் மணிக்கூலியில்தான் போய் நிற்கும். முதலில் பார்க்க வேண்டியது முடியும் தேதி. 'மூன்று மாதம்' என்று வந்தவர் இரண்டு வருடம் இருந்துவிடுவதற்குக் காரணம், அந்தத் தேதிக்கு யாரும் பொறுப்பில்லாததுதான்.

ஆர்டர் போடுமுன் உள்ளே தேடுங்கள். வேலை இழக்கும் நிலையில் இருக்கும் சொந்த ஊழியர், வேறு துறையிலிருந்து தற்காலிகமாக மாற்றக்கூடியவர், கவுன்சிலின் சொந்த கேஷுவல் பட்டியல் (தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் ஆட்கள்) என்று பார்த்து, எதுவும் சரிவராவிட்டால்தான் ஏஜென்சி. ஆர்டரில் வேலையின் பெயர் மட்டும் போதாது. நிரந்தர ஊழியருக்கான கிரேடு (சம்பள நிலை), வார மணிநேரம், காரணம், பட்ஜெட் கோடு, தேவையான சோதனைகள், முடியும் தேதி எல்லாம் வேண்டும். கிரேடை விட்டுவிட்டால் பின்னால், கீழே சொல்லும் 12 வாரக் கணக்கில் வந்து கடிக்கும்.

பெரும்பாலான கவுன்சில்கள் ஒவ்வொரு ஏஜென்சியுடனும் தனியாகப் பேசுவதில்லை. எஸ்போ என்ற பொதுத்துறைக் கொள்முதல் அமைப்பின் எம்ஸ்டார் போன்ற ஃப்ரேம்வொர்க் (முன்கூட்டியே பேசி வைத்த பொது ஒப்பந்தம்) வழியாக ஒரு நிர்வாக நிறுவனத்தை அமர்த்துகின்றன. மாஸ்டர் வெண்டர் முறையில் அந்த நிறுவனமே முதலில் ஆள் தரும். முடியாததை மற்ற ஏஜென்சிகளுக்குத் தள்ளும். நியூட்ரல் வெண்டர் தன் ஆளைத் தராது. ஆர்டரை எல்லா ஏஜென்சிகளுக்கும் திறந்துவிடும். அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர் போன்று எண்ணிக்கை அதிகமுள்ள வேலைகளுக்கு முதல் முறை வேகமானது. சமூகப் பணியாளர், பிளானிங் அதிகாரி போன்று ஆள் கிடைக்காத வேலைகளுக்கு இரண்டாவதுதான் மேல். மேனேஜர் தனக்குத் தெரிந்த ஏஜென்சிக்கு நேராக போன் போட்டால் ஒப்பந்த விலை, சோதனை, கணக்கு எல்லாமே கைவிட்டுப் போகும்.

விலையை உடைத்துக் கேளுங்கள். மணிக்கு £20 சம்பளம், வாரம் 37 மணி என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைச் சம்பளம் 12.07%, அதாவது £2.41. முதலாளி கட்டும் சமூகக் காப்பீடான நேஷனல் இன்ஷூரன்ஸ் (2025 ஏப்ரலிலிருந்து 15%) சுமார் £2.97. குறைந்தபட்ச பென்ஷன் 57 பென்ஸ், அப்ரென்டிஸ்ஷிப் லெவி (தொழில் பயிற்சிக்கான வரி) 11 பென்ஸ். ஆக, ஏஜென்சி லாபம் வைக்குமுன்பே £26ஐத் தாண்டிவிடும். பேரம் பேச இடமிருப்பது இதற்கு மேல் வரும் மார்ஜினில் மட்டும். அடித்தொகையிலேயே குறைத்துத் தருகிறேன் என்கிறவர் எங்கோ ஊழியரின் பணத்தில் கை வைக்கிறார் என்று சந்தேகப்படலாம். வாட் பற்றிக் கவலை வேண்டாம், கவுன்சில் பொதுவாக அதைத் திரும்பப் பெறும்.

ஆள் தன் சொந்தக் கம்பெனி வழியாக வந்தால் ஐஆர்35 தீர்மானம், அதாவது வரிக்கு அவரை ஊழியர் போலக் கருத வேண்டுமா என்ற முடிவு, கவுன்சிலுடையது. பொதுத்துறையில் 2017 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். தீர்மானத்தைக் காரணத்தோடு எழுதி, வேலை தொடங்குமுன் ஊழியருக்கும் ஏஜென்சிக்கும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வரிப் பொறுப்பு கவுன்சில் தலையில்தான்.

குழந்தைகள் நலத்துறைக்குச் சமூகப் பணியாளர் எடுக்கும்போது இத்தொழிலின் ஒழுங்குமுறை அமைப்பான சோஷியல் வொர்க் இங்கிலாந்தின் பதிவேட்டை நீங்களே திறந்து பாருங்கள், டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனையையும் உறுதிசெய்யுங்கள். 2024 அக்டோபர் விதிகளின்படி, அதே பிராந்தியத்திலுள்ள கவுன்சிலில் நிரந்தர வேலையை விட்டவரைப் பொதுவாக 3 மாதம் ஏஜென்சி வழியாக எடுக்கக் கூடாது.

12 வாரக் கணக்கு

முதல் நாளிலிருந்தே கேன்டீன், பார்க்கிங் போன்ற பொது வசதிகளும் காலியிடத் தகவலும் ஏஜென்சி ஊழியருக்கு உண்டு. அதே வேலையில் 12 வாரம் முடிந்ததும் சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவை நேரடியாக எடுத்தவருக்குச் சமமாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் அது ஒரு வாரம்தான். ஏஜென்சியை மாற்றினால் கணக்கு மாறாது, கவுன்சிலும் வேலையும் அதேதானே. 6 வாரம் வரையிலான இடைவெளி பொதுவாகக் கணக்கை நிறுத்திவைக்கும், அழிக்காது. ஆகவே 8ஆம் வாரத்திலேயே கிரேடு விவரத்தை ஏஜென்சிக்கு அனுப்புங்கள். தவறான தகவல் கொடுத்தால் வழக்கில் கவுன்சிலும் மாட்டும்.

டைம்ஷீட்டுக்கு வாராவாரம், வேலையை நேரில் பார்த்தவர் ஒப்புதல் தர வேண்டும். இடைவேளை அரை மணியைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள், பணம் அதிகம் கசிவது அங்கேதான். ஒப்புதல் தாமதமானாலும் ஊழியரின் சம்பளத்தை ஏஜென்சி நிறுத்திவைக்க முடியாது.

வேலைநிறுத்தத்தில் இருப்பவர் இடத்துக்கு ஏஜென்சி ஆளைக் கேட்காதீர்கள், ஏஜென்சிக்கு அது தடை. அந்த இடத்துக்கு உங்கள் ஊழியரை நகர்த்திவிட்டு, அவர் விட்ட இடத்துக்குக் கேட்பதும் அதே தடையில் வரும்.

நல்ல ஆள், நிரந்தரமாக்கலாம் என்றால் '14 வாரம் ஆகிவிட்டது, கட்டணமில்லை' என்று நம்பிவிட வேண்டாம். வேலை தொடங்கி 14 வாரம், முடிந்து 8 வாரம் என்ற இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ஒப்பந்தப்படி கட்டணம் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதிலாக, கூடுதல் காலம் ஏஜென்சி வழியாகவே வைத்திருந்து கட்டணமின்றி எடுக்கும் வாய்ப்பையும் ஒப்பந்தம் தர வேண்டும். நிரந்தர வேலைக்கான உத்தரவு போடுமுன் அந்த வாய்ப்பை எழுத்தில் கேளுங்கள்.

முடியும் தேதிக்கு 4 வாரம் முன்பே மேனேஜரிடம் கேள்வி போக வேண்டும்: நிறுத்தமா, நீட்டிப்பா? நீட்டிப்பென்றால் காரணம் புதிதாக எழுதப்பட வேண்டும், பழையதை ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள். நிறுத்தமென்றால் கடைசி நாளன்று அடையாள அட்டை, லேப்டாப், கேஸ் கோப்புகள் உள்ள கணினிக்கான அனுமதி மூன்றையும் மூடிவிட்டு, ஆர்டரில் மிச்சமிருக்கும் தொகையையும் ரத்துசெய்யுங்கள். திறந்து கிடக்கும் ஆர்டரில் அடுத்த மாதமும் பில் வந்து விழும்.