தெருவை விடப் பள்ளமான வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஷவர்

என் மாமனார் 1974-ல் சென்னை மேற்கு மாம்பலத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது, தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டுமாம். இப்போது நான்கு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறை தார் போட்டபோதும் தெரு ஏறிக்கொண்டே வந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். எங்கள் வீட்டுக்கு அது ரொம்பத் தாமதம். நான் அளந்து பார்த்ததில் தெருவுக்கும் கூடத்துத் தரைக்கும் 2 அடி 3 அங்குலம் வித்தியாசம். பாதாள அறை என்று சொல்ல முடியாது, ஆனால் பாதாள அறையின் தொல்லைகள் எல்லாம் உண்டு.

இந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே 4 அடிக்கு 7 அடி பாத்ரூம் ஒன்று. மாமாவுக்கு 81 வயது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து வாளியில் குனிந்து மொண்டு குளிக்க முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தபடியே குளிக்க ஒரு ஷவர் வேண்டும் என்று 2024 மார்ச்சில் வேலையைத் தொடங்கினோம். நான் இருபத்தாறு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தன் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் தொட்டி வைத்த பாத்ரூம் கட்டியிருக்கிறான். "அண்ணி, அப்பாவுக்கு ஒரு டப் வெச்சிடுங்க" என்று படம் படமாக அனுப்பினான். அங்கே வழக்கமான தொட்டி 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். எங்கள் 7 அடிச் சுவரோரம் அது உட்கார்ந்துவிடும்தான். ஆனால் நடக்க ஒன்றரை அடி மிஞ்சும். உள்ளே இறங்க ஒன்றே கால் அடிக்கு மேல் காலைத் தூக்க வேண்டும், அதுவும் 81 வயதில். நிரப்ப 150 லிட்டருக்குக் குறையாது. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாகவே 135 லிட்டர் என்பதுதான் நம் நாட்டுக் கணக்கு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, லாரிக்குக் குடத்தோடு நின்றவள் நான். தொட்டிப் பேச்சு அன்றே முடிந்தது.

சரி, ஷவர். எல்லாரும் முதலில் கடைக்குப் போய் டைல்ஸ் பார்ப்பார்கள். நீங்கள் போகாதீர்கள். முதலில் வாசலில் இருக்கும் உங்கள் வீட்டுச் சேம்பரின், அதாவது கழிவுநீர் சேர்ந்து தெருக் குழாய்க்குப் போகும் சின்னத் தொட்டியின், மூடியைத் திறங்கள். பள்ளத்து வீட்டில் தண்ணீர் எப்படி வரும் என்பது சின்னக் கேள்வி. எப்படி வெளியே போகும் என்பதுதான் வேலையே.

கணக்கு இப்படி. நானி டிராப்பின் (தரையில் விழும் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் கிண்ணம்) வெளிவாய் பாத்ரூம் தரைக்குக் கீழே சுமார் 7 அங்குலத்தில் இருக்கும். அங்கிருந்து சேம்பர் வரை எங்களுக்கு 18 அடி. குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்தால் நாலரை அங்குலம் இறங்கும். ஆக சேம்பரின் அடி, பாத்ரூம் தரையை விடக் குறைந்தது பதினொன்றரை அங்குலம் கீழே இருக்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் நடுவில் சுவர், திருப்பம் எல்லாம் இருப்பதால் டேப் உதவாது. கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவல்தான் சரி. கண்ணாடி மாதிரித் தெரியும் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே அளக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகிவிடும்.

எங்களுக்கு வந்தது ஒன்பதரை அங்குலம். இரண்டு அங்குலம் பற்றவில்லை.

"தரைய மூணு அங்குலம் ஏத்திடலாம்மா, சுலபம்" என்றார் மேஸ்திரி. அவருக்குச் சுலபம். மாடிப்படி திரும்பும் இடத்து அடிப்பக்கம் ஏற்கெனவே 6 அடி 10 அங்குலம்தான். மூன்று அங்குலம் ஏற்றினால் 6 அடி 7 ஆகிவிடும். வாசலிலும் ஒரு தடுக்கல் வரும். கால் சரியில்லாதவருக்காகச் செய்கிற வேலையில் தடுக்கலைக் கட்டி வைப்பதா? ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் காலை சேம்பரைச் சுத்தம் செய்யச் சொன்னபோது கடப்பாறை வேறு மாதிரி சத்தம் போட்டது. "அடியில பழைய கலவை கட்டியா கெடக்குதும்மா, இது தரையே இல்ல" என்றார் மேஸ்திரி. எந்தக் காலத்திலோ பூச்சு வேலை செய்த யாரோ மிச்சக் கலவையை உள்ளே கொட்டியிருக்கிறார்கள். 4 அங்குலக் கட்டி. வெளியே போகும் குழாயின் வாயை முக்கால்வாசி அது அடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் இத்தனை வருடம் மெதுவாகப் போனதற்கு அதுதான் காரணம். பெயர்த்து எடுத்ததும் பதின்மூன்றரை அங்குலம் ஆழம் கிடைத்தது. தரையை ஏற்றவே இல்லை. ஆகவே அளப்பதற்கு முன் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். இது உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் ஆழமில்லாத தொட்டிக்கு மட்டும். தெரு மேன்ஹோலில் யாரையும் இறக்காதீர்கள். அது உயிர் போகிற வேலை, சட்டப்படி குற்றமும்கூட. அங்கே அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்துக்குச் சொன்னால் இயந்திரம் வரும்.

எவ்வளவு தோண்டியும் ஆழம் கிடைக்காத வீடுகள் உண்டு. நிஜமான பேஸ்மென்ட்டில் அதுதான் நிலைமை. வடிகால் தலைக்கு மேலே இருக்கும். அப்போது சின்னத் தொட்டி ஒன்றில் கழிவுநீரைச் சேர்த்து, மிதவை சுவிட்ச் வைத்த பம்ப்பால் மேலே தள்ள வேண்டும். கொழுந்தன் வீட்டில் அப்படித்தான். கரண்ட் போனால் குளியலும் போச்சு. தண்ணீர் தானாக ஓட வழி இருக்கும்வரை பம்ப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

அடுத்தது மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று தெருக் குழாய் நிரம்பி, எங்கள் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலி வழியாகச் சாக்கடை பொங்கியது. இணைந்த பாத்திரங்களில் திரவ மட்டம் சமமாக இருக்கும் என்று ஏழாம் வகுப்புக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருப்பேன்! தெரு மேன்ஹோலில் தண்ணீர் மூடிவரை ஏறினால், அதை விட 2 அடிக்கு மேல் தாழ்ந்திருக்கும் எங்கள் தரையில்தான் அது முதலில் வெளிவரும். மேன்ஹோல் மூடி உலர்ந்தே இருக்கும், நாம் மிதப்போம். இதற்கு மருந்து ‘நான்-ரிட்டர்ன் வால்வு’, அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத வால்வு. வீட்டின் கடைசிச் சேம்பரிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில், கை எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்துவிட்டால் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் தகட்டில் முடியும் சோப்புக் கசடும் சேர்ந்து அது பாதி திறந்தபடியே நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து துடைக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: வால்வு மூடியிருக்கும்போது நம் தண்ணீரும் வெளியே போகாது. அடைமழை நாளில் ஷவரைத் திறந்தால் நம்முடைய அழுக்கே நம்மிடம் திரும்பி வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அறைக்குள் எது எங்கே என்று யோசித்தோம். குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர், 1.2 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எங்களுடையது 2.6. கொஞ்சம் குறைச்சல்தான், சுவரை இழுத்து நீட்டவா முடியும்? படியின் உயரமான முனையில் மூன்றே கால் அடி ஷவருக்கு. தாழ்ந்த முனையில் கமோடு, அதன் தொட்டி படியின் ஒடுங்கின இடத்துக்குள் போய்விடும். எழுந்து நிற்கும் இடத்தில் தலை இடிக்கிறதா என்று வீட்டிலேயே உயரமானவரை, எங்கள் வீட்டில் என் மகனை, நிற்க வைத்துப் பார்த்து அப்புறம் குழாய் வாயைக் குறியுங்கள்.

கண்ணாடித் தடுப்பு வைக்கவில்லை. 4 அடி அகல அறையில் கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் ஒருவர் முழங்கை இடிக்கும், மாமாவுக்கு உதவ ஆள் உள்ளே போகவும் முடியாது. ஒரு கம்பி, ஒரு திரை. மாமூலான விஷயம், ஆனால் வேலை செய்கிறது.

சுவர்களில் ஓதம். வெளியே மண் மட்டம் உயரம் என்பதால் இடுப்பு உயரம்வரை உப்பு பூத்திருந்தது. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் இரண்டு வருடத்தில் கையோடு வரும். 4 அடி உயரத்துக்குப் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, நீர்த்தடைக் கலவை சேர்த்துப் புதுப் பூச்சு பூசி, நன்றாக நீர் காட்டிக் காயவிட்டோம். பிறகு பவுடரும் திரவமும் கலந்து பூசுகிற நீர்த்தடைப் பூச்சு இரண்டு கோட், முதல் கோட் படுக்கை வாட்டில், இரண்டாவது நெட்டு வாட்டில். தரை முழுக்க, சுற்றிலும் ஒரு அடி உயரம், ஷவர் மூலையில் 6 அடிவரை. தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள், விரிசல் எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். காய்ந்ததும் ஜாலியை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு முழு நாள் விட்டோம். மாடி வீட்டில் கீழ் வீட்டுக்காரர் கத்தினால் ஒழுகல் தெரியும். தரைத்தளத்தில் பென்சில் கோடுதான் கீழ் வீட்டுக்காரர்.

ஜாலியை நடுவில் வைக்காமல் மூலையில் வையுங்கள். ஒரே திசையில் வாட்டம் போதும், டைல்ஸை நாலாப் பக்கமும் வெட்ட வேண்டியதில்லை. அடிக்குக் கால் அங்குலம். டைல்ஸ் பதித்த அன்றே, கலவை இறுகுவதற்குள், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கமோடு பக்கம் ஒரு குட்டை நின்றது. மேஸ்திரி முகம் சுளித்தார், ஆனால் இரண்டு கல்லை எடுத்து மறுபடி வைத்தார். டைல்ஸ் ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பானது. பளபளப்பு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சாமான்களைப் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் வாங்கினோம். கடைக்காரர் எட்டு அங்குல அகல மழை ஷவரைத்தான் முதலில் காட்டுவார். வாங்குவதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல். மொட்டைமாடித் தொட்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 15 அடி, ஷவர் 6 அடி. மிச்சம் 9 அடித் தண்ணீர் மட்டம்தான் அழுத்தம். 33 அடிக்கு ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் இது கால் பாருக்குக் கொஞ்சம் மேல். அகல ஷவரில் அது மழையாகப் பொழியாது, கண்ணீராக வடியும். கம்பியில் மேலும் கீழும் நகர்த்தும் ஹேண்ட் ஷவர் வாங்கினோம். உட்கார்ந்து குளிப்பவருக்கும் அதுதான் சௌகரியம். ரப்பர் மூக்கு வைத்ததாகப் பாருங்கள், போர் தண்ணீர் உப்பு அடைத்தால் விரலால் தேய்த்தாலே போகும். தொட்டியிலிருந்து ஒரு அங்குலக் குழாய் தனியாக இறக்கி, கடைசியில் மட்டும் அரை அங்குலம் ஆக்கினோம். சுடுநீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய். கீசருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் ஒரே தொட்டியிலிருந்து லைன் எடுங்கள். ஒன்று தொட்டி, ஒன்று நேரடி மோட்டார் என்றால், இரண்டையும் கலக்கும் சுவர்க் குழாயான வால் மிக்சரில் வலுவானது மற்றதைத் தள்ளிவிடும்.

என் தவறு ஒன்று. குழாய் பதித்தபோது டைல்ஸின் தடிமனைக் கணக்கில் எடுக்கவில்லை. மிக்சர் வாய்கள் சுவருக்குள் அரை அங்குலம் போய்விட, நீட்டிப்புத் துண்டுக்காக மறுபடி கடைக்கு அலைந்தேன். கணக்கு டீச்சர்! டைல்ஸ் ஒட்டுமுன் குழாய் போன வழியை டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்தது மட்டும் புத்திசாலித்தனம். கைப்பிடிக்குத் துளை போட்டபோது அந்தப் படம்தான் காப்பாற்றியது.

கைப்பிடி தரையிலிருந்து 34 அங்குல உயரத்தில், செங்கலுக்குள் போகும் நீள ஆங்கர் போல்ட்டில். மூலையில் சிமென்ட் திண்ணை, 18 அங்குல உயரம், முன்பக்கம் துளி வாட்டம். கீசர் சுவிட்ச் வெளியே, 3 கிலோவாட் என்பதால் 16 ஆம்பியர் லைன், மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபேன் வாயைத் தெருமட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் பேருந்து போகும்போதெல்லாம் சேறு உள்ளே வரும்.

2024 அக்டோபர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். ராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், ஜாலி உலர்ந்திருந்தது. மாமாவிடம் சொன்னேன், அன்றைக்குக் குளிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து. மழை விட்டு இரண்டு நாள் கழித்து வால்வைத் திறந்தால் ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு ரப்பர் பேண்டு. மாமா இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து ஷவருக்குக் கீழே ஒரு வாளி வைத்துக்கொள்கிறார். அது நிரம்பியதும் ஷவரை மூடிவிட்டு, அந்தத் தண்ணீரை மொண்டு ஊற்றித்தான் குளியலை முடிக்கிறார்.