ஃபேஸ்லிஃப்ட்: தேதி குறிப்பதற்கு முன்

கையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுங்கள். முகத்துக்கு நேர் மேலே கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். தாடையோரம் பை போலத் தொங்கும் சதை காதுப் பக்கம் ஒதுங்கியிருக்கும், தாடைக் கோடு தெளிவாகியிருக்கும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்பு கொஞ்சம் தணிந்திருக்கும். தொங்கும் முகச் சதையைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை உங்களுக்குத் தரக்கூடிய மாற்றம் ஏறக்குறைய இவ்வளவுதான். இதைப் பார்த்து மனசுக்கு நிறைவாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். படுத்த நிலையிலும் உறுத்துகிற விஷயம் அப்படியே இருந்தால் இந்த அறுவையால் அது போகாது.

கண்ணுக்குக் கீழ் கருமை, மங்கு, உதட்டுக்கு மேல் விழும் மெல்லிய கோடுகள், நெற்றிச் சுருக்கம், தொங்கும் மேல் இமை ஆகியவை ஃபேஸ்லிஃப்டின் எல்லைக்கு வெளியே நிற்பவை. இமைக்குத் தனி அறுவை உண்டு. மங்குக்குத் தோல் மருத்துவர் வேண்டும். நம் ஊர்த் தோல் தடிமனானது. நிறமியும் அதிகம் என்பதால் மெல்லிய சுருக்கம் தாமதமாகத்தான் வரும். சதை இறங்குவதும் கன்னம் வற்றுவதும் நிறத் திட்டுகளும்தான் முதலில் தெரியும். கடைவாய்ப் பற்கள் போய்க் கன்னம் உள்வாங்கியவர்கள் முதலில் பல் கட்டிவிட்டு வாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவது உண்டு. எடை குறைக்கும் திட்டம் இருந்தால் அதை முதலில் முடித்து, ஆறு மாதமாவது எடை நிலையாக இருந்த பிறகு அறுவைக்குப் போங்கள். இழுத்துத் தைத்த பின் பத்து கிலோ இறங்கினால் சதை மறுபடி தொங்கும்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

முகத்தோலுக்குக் கீழே கொழுப்பு இருக்கிறது. அதற்கும் கீழே தசையோடு ஒட்டிய ஒரு மெல்லிய உறுதியான படலம். இதற்கு ஸ்மாஸ் என்று பெயர். 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அதுவரை தோலை மட்டும் இழுத்துத் தைப்பதுதான் பெரும்பாலும் நடந்தது. தோல் ரப்பர் மாதிரி நீளும். எடையைத் தோல் மேல் ஏற்றினால் சீக்கிரம் தளர்ந்துவிடும், தழும்பும் அகலமாகும், முகம் காற்றில் நின்றது போல இழுபட்டுத் தெரியும். இப்போது அந்தப் படலத்தை மடித்துத் தைக்கிறார்கள், அல்லது ஒரு கீற்று வெட்டி எடுத்துத் தைக்கிறார்கள், அல்லது படலத்துக்குக் கீழேயே போய் மொத்தமாக விடுவித்துத் தூக்குகிறார்கள். மேலே இருக்கும் தோலை இழுவிசை இல்லாமல் படிய விட்டு, மிச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். இதில் எந்த முறை உயர்ந்தது என்று மருத்துவர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. முறையின் பெயரைப் பார்க்காதீர்கள். உங்கள் மருத்துவர் எந்த முறையை அதிகம் செய்து பழகியிருக்கிறார் என்று பாருங்கள். 'தோலை மட்டும் எடுப்போம், ஒரு மணி நேர வேலை' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கழுத்தையும் சேர்த்துச் செய்தால் மூன்று முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். முழு மயக்கத்திலும் செய்வார்கள், மரத்துப்போகும் ஊசியோடு தூக்க மருந்து கொடுத்தும் செய்வார்கள். எதுவானாலும் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் கடைசி வரை பக்கத்தில் இருக்க வேண்டும்.

நூல் போட்டுத் தூக்குவது, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி எல்லாம் வேறு சங்கதி. லேசான தொய்வுக்கு அவற்றால் பயன் உண்டு. கழுத்தில் தொங்கும் தோலை நூலால் சரிசெய்ய முடியாது. முன்பு ஃபில்லரோ நூலோ போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே தழும்பு ஒட்டியிருந்தால் அறுவை கடினமாகும்.

தழும்பு எங்கே விழும்

நம் வீடுகளில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வெட்டு பொதுவாக நெற்றிப்பொட்டு முடியில் தொடங்கிக் காதின் முன்பக்கம் இறங்கி, காது மடலைச் சுற்றிப் பின்னால் ஏறி, பிடரி முடியோரம் முடியும். முடியைத் தோளில் விரித்துவிடுபவர்களுக்கு இது வெளியே தெரியாது. நீங்கள் இழுத்துப் பின்னல் போடுபவராகவோ கொண்டை போடுபவராகவோ இருந்தால் காதுக்குப் பின்னாலும் பிடரியோரமும் எல்லோர் கண்ணிலும் படும். முதல் ஆலோசனைக்கே அன்றாடம் போடும் கொண்டையோடு போங்கள். கோடு எங்கே வரும் என்று பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். முடியோரம் போனால் தழும்பு தெரியும், முடிக்குள் போனால் முடிக்கோடு படிபோல் உடைந்து தெரியலாம். இரண்டில் எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்திருந்தால் அதைச் செலுத்தி, முடி வளர்ந்த பிறகு அறுவைக்கு வாருங்கள்.

காது குத்திய இடம் எப்போதாவது கட்டி போலத் தடித்து வளர்ந்ததா? நெஞ்சில் பரு வந்த இடம் மேடிட்டதா? இது கெலாய்டாக, அதாவது காயத்தின் எல்லையை மீறி வளரும் தழும்பாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும். வெட்டு விழும் இடமே காதைச் சுற்றித்தான் என்பதால், அறுவையே வேண்டாம் என்று முடிவாகவும் வாய்ப்பு உண்டு. கனத்த தோட்டால் காது ஓட்டை கிழிந்து நீண்டிருந்தால், அதையும் சேர்த்தே தைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

ஆண்களுக்கு ஒன்று. தாடி முளைக்கும் தோல் மேலே நகர்வதால் காதை ஒட்டியும் காதுக்குப் பின்னாலும் சவரம் செய்ய வேண்டி வரும். காதுக்கு முன்னால் முடியில்லாத ஒரு பட்டை விடும்படி வெட்டை அமைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது

எம்.பி.பி.எஸ்., பிறகு பொது அறுவையில் எம்.எஸ்., அதன்மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம். இதுதான் முறையான படிப்பு. 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று பலகையில் எழுதியிருப்பது பட்டம் ஆகாது. பதிவு எண்ணை வாங்கி மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பாருங்கள். சேலத்தில் நல்ல பிளாஸ்டிக் சர்ஜன்கள் இருக்கிறார்கள். ஆனால் விபத்துக் காயம், தீக்காயம், கை அறுவை என்று நாள் ஓடுகிற ஒருவர் ஃபேஸ்லிஃப்ட் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்பது தனிக் கேள்வி. அதை நேராகவே கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. ஓராண்டு கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள், பக்கவாட்டில், காது தெரியும்படி. காது மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். தோலை அதிகம் இழுத்ததற்கு அது அடையாளம்.

செலவைப் பேசும்போது ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், படுக்கை, பரிசோதனை, மருந்து, கட்டுத்துணி எல்லாம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மருத்துவக் காப்பீடு பணம் தராது. ரத்தக்கட்டு வந்து மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு முன்பிருந்து

புகையிலைதான் பெரிய எதிரி. சிகரெட், பீடி மட்டுமில்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, பாக்கெட்டில் வரும் மெல்லும் சரக்கு, நிகோடின் சூயிங்கம் எல்லாம் அடக்கம். நிகோடின் தோலுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அறுவையில் தோலை அடியிலிருந்து பிரித்துவிடுவதால் ஓரத்தில் மிஞ்சும் ரத்தமே அதற்குக் கஞ்சி. அதுவும் சுருங்கினால் காதுக்குப் பின்னால் இருக்கும் தோல் கறுத்துச் செத்துப்போகும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் அறவே நிறுத்த வேண்டும். வீட்டில் மற்றவர் பிடிக்கும் புகையையும் தவிருங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லித் தேதியைத் தள்ளுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், புரூஃபென் வகை வலி மாத்திரை, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை ஆகியவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. சித்த மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் சரியாக இருக்க வேண்டும். முடிச்சாயம் போடுவதாக இருந்தால் அறுவைக்கு முந்திய வாரமே போட்டுவிடுங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் போட முடியாது.

தேதியைப் பற்றி ஒரு யோசனை. வீட்டில் தை மாதக் கல்யாணம் என்றால் ஆடியில் செய்துகொள்ளுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பத்திரிகை வைக்க ஆள் வராது, வெயிலும் தணிந்திருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு, கன்றிப்போன நீலம் மறைந்திருந்தாலும் வீக்கம் முழுதாக வடிந்திருக்காது. சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலில் தலையைச் சுற்றிக் கட்டோடு வியர்த்துக்கொண்டு கிடப்பது பெரும்பாடு.

முதல் 48 மணி நேரம்

இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. தாடி வேர்களுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பது ஒரு காரணம். ரத்த அழுத்தம் ஏறுவது, வாந்தி, இருமல், முக்கி மலம் கழிப்பது, குனிவது எல்லாமே இதைத் தூண்டும்.

அது எப்படித் தெரியும்? ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகு வலி பொதுவாக எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். இறுக்கம்தான் அதிகம். ஆகவே ஒரு பக்கம் மட்டும் திடீரென வலி கூடிக்கொண்டே போனால், அந்தக் கன்னம் மறு கன்னத்தைவிடக் கல் மாதிரி விறைத்தால், தோல் பளபளவென்று ஊதா நிறமானால், உதட்டை விலக்கிப் பார்க்கும்போது கன்னத்தின் உட்புறமும் கறுத்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் திறந்து ரத்தத்தை வெளியேற்றினால் தோல் பிழைக்கும். வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு.

இதனால்தான் ஏற்காட்டில் இருப்பவர்கள் முதல் வாரம் சேலத்திலேயே தங்க வேண்டும் என்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி வந்தாலே போதும் ரத்தம் கட்ட. இரவில் மழை பெய்து மலைச்சாலையில் மரம் விழுந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்கும் நேரத்தில் தோல் கைவிட்டுப் போய்விடும். எஸ்டேட் பங்களாவின் குளிரில் ஓய்வெடுக்கலாமே என்ற ஆசை நியாயமானது. அதைப் பதினைந்தாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்தாலும் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். புதுத் தழும்பு அங்கே சீக்கிரம் கறுக்கும். பெங்களூரிலோ கோவையிலோ சென்னையிலோ செய்துகொள்பவர்களும் தையல் பிரிக்கும் வரை அந்த ஊரிலேயே தங்குங்கள்.

வீடு திரும்பிய பிறகு

தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் படுக்க வேண்டும். கழுத்துக்கடியில் தலையணை அடுக்கினால் தாடை நெஞ்சில் முட்டி, காதுக்குக் கீழே ரத்த ஓட்டம் தடைபடும். முதுகுக்கடியில் சரிவாக வையுங்கள். தலைவழியாக மாட்டும் நைட்டி வேண்டாம், முன்பக்கம் திறக்கும் உடை போதும். இட்லி, ரசம் சாதம், கஞ்சி சாப்பிடலாம். முறுக்கு, கறித்துண்டு போன்றவை ஆகாது. ஊறுகாயும் அப்பளமும் வீக்கத்தைக் கூட்டும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் தெரியும் முகம் உங்களுடையது போலவே இருக்காது. அழுகையும் 'ஏன் செய்தோம்' என்ற நினைப்பும் வரும். பலருக்கும் வருவதுதான், இரண்டு வாரத்தில் தெளியும். கூட இருப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேங்கும் ரத்தத்தை வடிக்கும் டிரெயின் குழாய் வைத்திருந்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுப்பார்கள். காதோரத் தையல் ஐந்து முதல் ஏழு நாளில், முடிக்குள் இருப்பவை பத்து நாளில் பிரிப்பார்கள். காயத்தில் மஞ்சளோ வேப்பிலை அரைத்தோ பூச வேண்டாம். சொன்ன களிம்பு மட்டும் போடுங்கள்.

காதும் கன்னமும் சில மாதம் மரத்திருக்கும். சூடு தெரியாது என்பதால் ஹேர் டிரையரால் சுட்டுக்கொள்ள நேரும், கவனம். காது மடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செவிக்குழாய்த் துளைக்கு ஏறத்தாழ 6.5 செ.மீ. கீழே கழுத்துத் தசையைக் கடக்கிறது. இந்த அறுவையில் அதிகம் அடிபடுவது அதுதான். சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்காமல் இருப்பது, புருவம் ஏறாமல் இருப்பது போன்ற முக நரம்புத் தளர்ச்சி பெரும்பாலும் வாரங்களில், சில மாதங்களில் சரியாகும். நிரந்தரமாகத் தங்குவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள்.

ஹெல்மெட் காதுத் தையலை அழுத்தும் என்பதால் நான்கு வாரம் இருசக்கர வாகனம் கிடையாது. பின்னால் உட்கார்ந்தும் போகாதீர்கள். வேலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பலாம். கனம் தூக்குவது ஒரு மாதம் கழித்து. எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவதையும் தோடு போடுவதையும் மருத்துவரைக் கேட்டு ஆறு வாரத்துக்குப் பிறகு தொடங்குங்கள். முதலில் சிறிய கம்மல் மட்டும் போடுங்கள். ஜிமிக்கிக்கு மூன்று மாதம் பொறுங்கள். அறுவை செய்த காது மடல் அதற்குள் கனத்தைத் தாங்காமல் கீழே இழுபடும்.