அட்டைக் கார் செய்யலாம்: சக்கரமும் உராய்வும் வேகத்தை எப்படி மாற்றுகின்றன?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்கும் வண்டிக்கு வேகம் கொடுப்பது மலையின் உயரம். நாம் செய்யப்போகும் காரும் அப்படியே. மோட்டார் வேண்டாம், சாய்த்து வைத்த பலகை போதும்.

தேவையானவை: 18 × 8 செ.மீ. தடித்த அட்டை, 3 மி.மீ. தடிமனுள்ள மூங்கில் குச்சி 4 (12 செ.மீ. நீளம்), 6 மி.மீ. ஸ்ட்ரா 2, தண்ணீர் பாட்டில் மூடி 8, பழைய சிடி 4, 120 செ.மீ. பலகை, பசை.

சக்கரம்

பாதி வெற்றி இங்கேதான். மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். அந்த வட்டத்தை நான்காக மடித்துப் பிரித்தால் மடிப்புகள் சந்திக்கும் புள்ளியே மையம். தாளை மூடியில் ஒட்டி, அந்தப் புள்ளியில் சூடான ஊசியால் துளையிடுங்கள் (இதைப் பெரியவர்கள் செய்யட்டும்). குச்சி இறுக்கமாக நுழையும் அளவே துளை இருக்கட்டும். மையம் 1 மி.மீ. விலகினாலும் சக்கரம் குதித்துக் குதித்து ஓடும். குதிக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையும்.

நான்கு மூடிகள் முதல் ஜோடி அச்சுகளுக்கு. மீதி நான்கை சிடிக்களின் நடுவில் ஒட்டி இரண்டாவது ஜோடி செய்துகொள்ளுங்கள்.

அச்சு

அட்டையின் அடியில் 14 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்ட்ராக்களை ஒட்டுங்கள். இடது, வலது இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். அளவு மாறினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். டேப்பை அழுத்தி ஒட்டினால் ஸ்ட்ரா நசுங்கி அச்சைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கும் அட்டைக்கும் நடுவே 2 மி.மீ. விடுங்கள்.

உராய்வு குறைய ஸ்ட்ராவுக்குள் பென்சில் கரித்தூளைத் தூவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழியில் ஏற்காட்டில் அச்சு ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டமும் அளவும்

பலகையின் ஒரு முனையை 30 செ.மீ. உயர்த்தி, அடிமுனை தரையைத் தொடும் இடத்தில் சார்ட் தாள் ஒட்டுங்கள். கார் முட்டி நிற்காது. உராய்வே இல்லையென்றால் அடியில் வேகம் நொடிக்கு சுமார் 2.4 மீட்டர். உங்கள் கார் அதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யம்.

ஸ்டாப்வாட்ச் இங்கே சரிவராது, விரல் தாமதமே பெரும்பிழை ஆகிவிடும். தரையில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, செல்போனில் நொடிக்கு 120 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். கோட்டுக்குக் கோடு 60 ஃபிரேம் ஆனால் வேகம் நொடிக்கு 2 மீட்டர். காரைத் தள்ளாதீர்கள், முன்னால் ஸ்கேலை வைத்துத் தடுத்து, சட்டென்று எடுங்கள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்து நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

முதலில் மூடி, பிறகு சிடி. அடியில் மூடிக் கார் வேகமாக இருக்கும். தரையில் சிடி கார் அதிக தூரம் போகும். கனமான சிடியைச் சுழற்றவே உயரம் தந்த ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது. ஆனால் அதன் ஆரம் மூடியைப்போல நான்கு மடங்கு. அச்சின் உராய்வு அதைத் தடுப்பது நான்கில் ஒரு பங்குதான்.

அடுத்து, 50 கிராம் ஜவ்வரிசியைச் சின்ன கவரில் இறுக்கிக் கட்டி பின் அச்சுக்கு அருகே வையுங்கள். சிடி கார் இப்போது வேகமெடுக்கும், சுழற்சிக்குப் போகும் பங்கு குறைவதால். 20 × 20 செ.மீ. அட்டையை முன்னால் நிமிர்த்தி ஒட்டினால் காற்று பிடித்து இழுக்கும். பின்பக்கம் சாய்த்து ஒட்டினால் இழுப்பு குறையும். தரையில் சாக்கு விரித்தால் எல்லாக் காரும் சீக்கிரம் நிற்கும்.

பிடிமானம்

ரப்பர் பேண்டால் சக்கரங்களைக் கட்டிவிட்டுப் பலகையை மெல்ல உயர்த்துங்கள். கார் வழுக்கும் கணத்தில் பலகை முனையின் உயரத்தை, பலகைக்கு அடியிலுள்ள தரையின் நீளத்தால் (பலகையின் நீளத்தால் அல்ல) வகுத்தால் வருவது உராய்வுக் குணகம், அதாவது பிடிமானத்தின் அளவு. பலகையை நனைத்து மீண்டும் பாருங்கள்.

சாலைக்கும் கணக்கு இதுதான். 10 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் குணகம் 0.7 என்றால் மணிக்கு சுமார் 30 கி.மீ. வரை வழுக்காது, மழையில் 0.4 ஆனால் 22 கி.மீ.தான். இந்தக் கணக்கில் எடைக்கு இடமில்லை. காரில் இரண்டு பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் வழுக்கத் தொடங்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றே.