லாம்ப்ருஸ்கோவைப் பூட்டி வைக்காதீர்கள்

குமுளியில் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பல வருஷமாகப் பரிமாறுகிறேன். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து மலையேறி வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒயினைப் பற்றிச் சொல்லித்தருவதும் என் வேலைதான். லாம்ப்ருஸ்கோ என்ற நுரைக்கிற ஒயின் விஷயத்தில் நான் அன்று செய்த தப்பையே அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. கிளாஸைத் துடை, தளும்ப ஊற்றாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன்.

"பழசானா ருசி ஏறும்ணே"

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரியும். லாம்ப்ருஸ்கோ இத்தாலியில் மொதேனா ஊரைச் சுற்றி விளையும் கருந்திராட்சை. அதிலிருந்து வரும் நுரைக்கிற சிவப்பு ஒயினுக்கும் அதே பேர். விலை மலிவான இனிப்பு ரகத்தில் ஆல்கஹால் 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பெரும்பாலும் மூடிய எஃகுத் தொட்டியில் இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, பழவாசனை போகுமுன் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். சீக்கிரம் குடிக்கவென்றே செய்த சரக்கு. பதநீரை யாராவது வருஷக்கணக்கில் எடுத்து வைப்பார்களா?

நான் வைத்தேன். ஊருக்குக் கிளம்பிய விருந்தாளி ஒருவர் கையில் கொடுத்த பாட்டில். தங்கச்சி கல்யாணத்துக்கு என்று கம்பத்து வீட்டில், தகர பீரோவின் மேல் நாலு வருஷம். மேலே ஓட்டுக்கூரை, சித்திரை வெயில். திறந்தபோது 'புஸ்' என்ற சத்தமே இல்லை. ஊற்றினால் ஊதா நுரை பொங்க வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு குமிழி. கிளாஸைச் சாய்த்தால் ஓரம் செங்கல் நிறம். அடிப்பிடித்த வெல்லப்பாகு வாடை. மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்தார்.

முன்பு இருந்த ஒரு விடுதியில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு பெட்டி வாங்கி ஸ்டோரில் மறந்தார்கள். பன்னிரண்டு பாட்டிலையும் தொட்டியில் கொட்டியவன் நான். போன மாசம் புதுத் தம்பி ஒருவன் அதே மாதிரி ஒன்றைத் துணிக்குள் சுற்றி வைத்திருந்தான். அன்றைக்கே குளிரவைத்துத் திறக்கச் சொன்னேன். முகத்துக்கு நேரே வந்த வாசனையில், "நம்ம பன்னீர் திராட்சை மாதிரி இருக்குண்ணே" என்றான். அந்த வாசனைக்குத்தான் காசு. வாங்கினால் சில மாசத்துக்குள் திறந்துவிடுங்கள்.

ரெட் ஒயின் என்று வெளியே வைப்பது

சூட்டில் குமிழி நிற்காது. இனிப்பு மட்டும் முன்னால் வந்து இருமல் மருந்துபோல இருக்கும். 10 டிகிரி அளவுக்குக் குளிர வையுங்கள். மலைப்பாதை பஸ்ஸில் குலுங்கி வந்த பாட்டிலென்றால் ஓர் இரவு நிமிர்த்தி வைத்த பிறகே திறக்க வேண்டும்.

ஐஸ் போடுவது

வேண்டாம்.

கிளாஸைச் சுழற்றுவது

இருக்கிற குமிழியும் போய்விடும். சும்மா மூக்கருகே கொண்டு போங்கள்.

லேபிளைப் படிக்காதது

'செக்கோ' என்றால் இனிப்பில்லாதது, 'அமாபிலே' மிதமான இனிப்பு, 'தோல்செ' நல்ல இனிப்பு. செக்கோவை வாங்கிவிட்டுப் புளிக்கிறது, கெட்டுப்போனது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

பாயசத்தோடு கொடுப்பது

பாயசத்தின் இனிப்பு முன்னால் இந்த ஒயின் வாய்க்குப் புளிப்பாகத்தான் தெரியும். மொதேனாப் பக்கம் பன்றிக்கறி, பார்மா சீஸோடு குடிப்பார்கள். கொழுப்பை அந்தப் புளிப்பும் குமிழியும் கழுவிவிடும். நம் பக்கம் தேங்காய்ச்சில் போட்டு வறுத்த பன்றிக்கறியோடு வைத்துப் பாருங்கள். ஆல்கஹால் குறைவு என்பதால் மிளகுக் காரத்தை இன்னும் ஏற்றிவிடாது.